பயப்படக் காசு கொடுக்கும் உயிரினம் எது தெரியுமா?

பாரிஸ் நகரின் பிகால் பகுதியில், ஒரு முட்டுச்சந்தின் கோடியில், பழைய தேவாலயம் ஒன்றை நாடகக் கொட்டகையாக மாற்றியிருந்தார்கள். மொத்தமே 293 இருக்கைகள். 1897இல் திறந்த அந்தக் கொட்டகையின் பெயர் கிராண்ட் கினியோல். இரவுக்கு இரவு அங்கே கண்ணைத் தோண்டுவார்கள், கழுத்தை அறுப்பார்கள், முகத்தில் திராவகம் வீசுவார்கள். எல்லாம் மேடையில்தான், ஆனால் முன்வரிசைக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில்! அதை நடத்திய மாக்ஸ் மோரே, ஒரு நாடகம் வெற்றியா தோல்வியா என்று எப்படிக் கணக்குப் பார்த்தார் தெரியுமா? கைதட்டலை வைத்தல்ல. அன்றிரவு எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்பதை வைத்து!

பவுலா மாக்ஸா என்ற நடிகை அந்த மேடையில் 10,000 தடவைக்கு மேல் 'கொலையுண்டார்' என்பார்கள். உலகிலேயே அதிக முறை கொல்லப்பட்ட பெண் என்று பட்டமே சூட்டிவிட்டார்கள். மேடையில் பீறிட்ட ரத்தம் கார்மைன் சாயமும் கிளிசரினும் கலந்த கலவை. இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் செய்தி ஒன்று உண்டு. அந்தக் கொட்டகையின் பேர்போன நாடக ஆசிரியர் ஆந்த்ரே டி லோர்டுடன் கூட்டுச் சேர்ந்து திகில் நாடகங்கள் எழுதியவர் யார் தெரியுமா? ஆல்ஃபிரட் பினே! ஆமாம், பள்ளிப் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கச் சோதனை கண்டுபிடித்தாரே, அதே உளவியல் அறிஞர்தான்.

65 ஆண்டு ஓடிய கொட்டகை 1962இல் மூடியது. காரணம் கேட்டதற்குக் கடைசி நிர்வாகி நாஜி வதைமுகாம்களைக் காட்டினார். போருக்கு முன்பு மேடையில் நடப்பதெல்லாம் வெறும் கற்பனை என்று ஜனங்கள் நம்பினார்கள். பூகன்வால்ட் முகாமில் நடந்தது தெரிந்த பிறகு அப்படி நம்ப முடியவில்லை என்றார். இந்தப் பதிலைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேய்க்கதையை மனிதன் ஏன் ரசிக்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்; பாதி விடை இந்த மனிதரின் வாயிலிருந்தே வந்துவிட்டது. 'இது பொய்' என்ற உறுதி இருக்கும்வரைதான் பயம் இனிக்கும்.

பொய் என்று தெரியாவிட்டால் என்ன ஆகும்?

1992 அக்டோபர் 31. பிபிசி தொலைக்காட்சியில் 'கோஸ்ட்வாட்ச்' என்ற நிகழ்ச்சி. லண்டன் புறநகர் வீடொன்றில் பேய் நடமாட்டம், அதை நேரலையில் காட்டுகிறோம் என்ற பாவனை. நடத்தியவர்கள் மக்களுக்கு நன்றாகத் தெரிந்த நிஜத் தொகுப்பாளர்கள், அதுவும் மைக்கேல் பார்க்கின்சன் போன்ற நம்பகமான முகம். உண்மையில் அது முன்கூட்டியே எடுத்து வைத்த நாடகம். பட்டியலில் நாடகம் என்றுதான் போட்டிருந்தார்கள், யார் பார்த்தார்கள்? ஒரே மணி நேரத்தில் சுமார் 30,000 தொலைபேசி அழைப்புகள்! பத்து வயதுச் சிறுவர்கள் இருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் வந்ததாக மருத்துவ இதழிலேயே கட்டுரை வந்தது. பிபிசி அதை அதன்பின் மறுஒளிபரப்பே செய்யவில்லை.

அடுத்ததைக் கேளுங்கள். அமெரிக்க உளவியல் அறிஞர்கள் சிலர் கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டு மூன்று ஆவணப்படங்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று மாடு வெட்டுமிடம், ஒன்று குரங்கின் மூளையை விருந்தாகப் பரிமாறுவது, ஒன்று முக அறுவைச் சிகிச்சை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். பத்தில் ஒன்பது பேர் முடிவதற்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள்! இந்த வயதுப் பிள்ளைகள்தாம் ரம்பத்தால் மனிதனை அறுக்கும் படத்துக்கு முதல் நாள் டிக்கெட் வாங்குகிறவர்கள். கண்ணுக்குத் தெரியும் ரத்தம் ஒன்றுதான். கதை என்ற வேலி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இதை அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுக்கு முன்பே கவனித்துவிட்டார் என்றால் நம்புவீர்களா? நேரில் கண்டால் முகம் சுளிக்கும் அருவருப்பான விலங்கையும் பிணத்தையும் அச்சு அசலாக வரைந்து காட்டினால் நின்று ரசிக்கிறோமே, ஏன் என்று அவர் கேட்டு வைத்தார். நம் தொல்காப்பியர் மட்டும் சும்மா இருந்தாரா? மெய்ப்பாடு எட்டு என்று பட்டியல் போட்டு, அதில் அச்சத்துக்கும் ஓர் இடம் கொடுத்து, அந்த அச்சம் நான்கு வழியாகத்தான் வரும் என்று வகுத்தும் விட்டார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அதாவது பேயும் தாக்கும் தெய்வமும், காட்டு மிருகம், திருடன், நாலாவதாக நம்மை ஆள்கிறவர்! இந்த நாலுக்கு வெளியே ஒரு திகில் கதை சொல்லுங்கள் பார்ப்போம். டிராகுலா அணங்கு. 'ஜாஸ்' சுறா விலங்கு. கதவை உடைத்து வரும் முகமூடிக் கொலைகாரன் கள்வர் கணக்கு. ஜார்ஜ் ஆர்வெலின் '1984' அப்பட்டமாக இறை. கிருமியை எந்த வகையில் சேர்ப்பது என்று மட்டும் உரையாசிரியர்கள் யாராவது வந்து சொன்னால் நல்லது.

பேயைத் தலையில் குத்திய பெண்மணி!

பயம் என்பதே தெரியாத ஒரு பெண்மணியை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தார்கள் தெரியுமா? மிக அரிய நோய் ஒன்றால் அவருடைய மூளையின் இரு பக்கத்து அமிக்டலாவும் அழிந்துவிட்டன. ஆபத்து என்று மணி அடிக்கும் பகுதி அது. வாதுமைக் கொட்டை அளவுதான். அவரைப் பாம்பு விற்கும் கடைக்கு அழைத்துப் போனார்கள். பாம்பு பிடிக்காது என்று வாயால் சொன்னவர், அங்கே போனதும் பாம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, கடிக்கக்கூடிய பெரிய பாம்புகளையும் தொட்டுப் பார்க்கலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்! கென்டக்கி மாநிலத்தில் வேவர்லி ஹில்ஸ் என்ற கைவிடப்பட்ட காசநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆண்டுதோறும் அதைப் பேய் மாளிகையாக மாற்றுவார்கள். அங்கேயும் அழைத்துப் போனார்கள். கூட வந்தவர்கள் அலற, இவர் முன்னால் நடந்தார். இருட்டிலிருந்து பாய்ந்த 'பேய்' ஒன்றின் தலையில் விரலால் குத்திப் பார்த்தார். பயந்தது பேய் வேடக்காரர்!

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. அவருக்குத் திகில் படக் காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். பயம் துளிகூட வரவில்லை. ஆனால் ஒரு படத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார், கடையில் வாடகைக்கு எடுத்து மிச்சத்தையும் பார்ப்பதற்கு! பயமே இல்லாதவருக்கும் பேய்க்கதை சுவாரசியமாக இருக்கிறது. அப்படியானால் நாம் அங்கே தேடுவது பயத்தை மட்டுமல்ல. அடுத்து என்ன, அது என்ன, எப்படி இருக்கும் என்ற ஆவலும் சேர்ந்தே இழுக்கிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் மான்கள்கூடச் சிறுத்தையைக் கண்டதும் எல்லா நேரமும் ஓடுவதில்லை. சில சமயம் அதன் பக்கமாகவே நெருங்கிப் போய் நின்று கவனிக்கின்றன. எதிரியின் நடையும் குணமும் தெரிந்தவன் பிழைப்பான் என்பது மானுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் டிக்கெட் எடுப்பது நாம் மட்டும்தான்.

கதையின் வால் இன்னும் இருக்கிறது. 2013இல் அதே பெண்மணிக்கும், அதே குறை உள்ள வேறு இருவருக்கும் 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு மூச்சு கொடுத்தார்கள். மூவரும் பதறிப் போனார்கள்! வெளியிலிருந்து வரும் பூதத்துக்கு ஒரு மணி, உள்ளுக்குள் மூச்சு முட்டுவதற்கு வேறு மணி என்று மூளை தனித்தனியாக வைத்திருக்கிறது.

ரத்தம் உறையுமா?

'ரத்தத்தை உறைய வைக்கும் கதை' என்று போஸ்டர் ஒட்டுகிறார்களே, உண்மையிலேயே உறையுமா? சிரிக்காதீர்கள், நெதர்லாந்தின் லெய்டன் நகர மருத்துவர்கள் ஊசி குத்திச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். இளைஞர்கள் 24 பேர். 'இன்சிடியஸ்' என்ற பேய்ப்படம் ஒன்று, பிரான்சில் ஷாம்பெய்ன் மது தயாரிப்பது பற்றிய ஆவணப்படம் ஒன்று. இரண்டையும் காட்டி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். பேய்ப்படம் பார்த்தபோது ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி என்ற புரதம் பலருக்கு ஏறியிருந்தது! ஆனால் கட்டி எதுவும் உண்டாகவில்லை. காயம் படப்போகிறது, தயாராயிரு என்று உடம்பு ஏற்பாடு செய்கிறது, அவ்வளவுதான். சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறோம் என்பது ரத்தத்துக்குத் தெரியாது.

பேய்ப்படம் பார்த்தால் உடல் எடை குறையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, பார்த்திருப்பீர்கள். 'தி ஷைனிங்' பார்த்தால் 184 கலோரி போகும் என்று துல்லியமாகச் சொல்வார்கள். அது 2012இல் படங்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம் செய்யச் சொன்ன சோதனை. கலந்துகொண்டவர்கள் பத்தே பேர். இதை நம்பி நடைப்பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்!

ஆனால் பயந்து முடித்த பிறகு வரும் தெம்பு நிஜம். டால்ஃப் சில்மன் என்ற அறிஞர் 1970களிலேயே இதற்கு விளக்கம் சொன்னார். படபடப்பு உடம்பில் சட்டென்று இறங்காது. ஆபத்து தீர்ந்த கணத்திலும் இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கும். அந்த மீதித் துடிப்பு, அடுத்து வருகிற நிம்மதியின் மேல் ஏறிக்கொள்கிறது. அதனால்தான் சாதாரண நிம்மதி பெரிய குதூகலமாகத் தெரிகிறது. பிட்ஸ்பர்க் நகரத்தின் பேய் மாளிகை ஒன்றில் 262 பேரை உள்ளே போகுமுன்னும் வந்தபின்னும் விசாரித்தபோது, களைத்தும் சலித்தும் வந்தவர்கள் பலர் வெளியே வரும்போது தெளிவாக இருந்தார்களாம்.

காதலர்கள் கவனிக்க! 1974இல் கனடாவின் கபிலானோ தொங்குபாலத்தில் ஒரு சோதனை நடந்தது. கீழே 70 மீட்டர் பள்ளம், பாலம் ஆடும். அதைக் கடந்து வந்த இளைஞர்களிடம் ஒரு பெண் ஏதோ ஆய்வு என்று சொல்லிக் கேள்வி கேட்டுவிட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். எண்ணை வாங்கியவர்களில் பாதிப்பேர் பிறகு கூப்பிட்டார்கள். ஆடாத, உயரமில்லாத பாலத்தில் அதே பெண் அதே கேள்வி கேட்டாள். கூப்பிட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பயத்தில் அடித்த இதயத்தைக் காதல் என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. சில்மன் குழு 1986இல் இன்னொரு குறும்பு செய்தது. மாணவ மாணவியரை ஜோடியாக உட்கார வைத்து 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வரிசைப் படத்தின் ஒரு பகுதியைக் காட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண் பயந்து நடுங்கினால் ஆண்களுக்குப் படம் அதிகம் பிடித்தது; பக்கத்தில் இருந்த ஆண் அசையாமல் இருந்தால் பெண்களுக்குப் படம் பிடித்தது! படம் ஒன்றுதான், பக்கத்து நாற்காலி மட்டும்தான் வேறு. இது நாற்பது ஆண்டுக்கு முந்தைய அமெரிக்கக் கல்லூரி. இன்று எடுத்தால் இதே விடை வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பயந்து தோளைப் பிடிக்கும் வீராதி வீரர்கள் எத்தனையோ பேர்.

எவ்வளவு பயம் போதும்?

பயத்தை ஆராய்வதற்கென்றே, அதுவும் ஆசைப்பட்டுப் பயப்படுவதை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது தெரியுமா? டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில். அங்கிருந்தவர்கள் வெய்லெ என்ற ஊரின் பேய் மாளிகைக்குள் 110 பேரை, இதயத் துடிப்பு அளக்கும் கருவி மாட்டி அனுப்பினார்கள். 2020இல் முடிவு வந்தது. பயம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது. ஓர் உச்சம் வரைதான். அதைத் தாண்டினால் மகிழ்ச்சி விழத் தொடங்குகிறது. குறைவாக இருந்தால் சப்பென்று இருக்கிறது, கூடினால் தாங்கவில்லை.

அதே குழுவினர் அதற்கு முன்பு வேறொன்று செய்தார்கள். பார்வையாளர்கள் பாதிப்பேரை 'முடிந்தவரை பயப்படுங்கள்' என்றும், மீதிப்பேரை 'முடிந்தவரை பயத்தை அடக்குங்கள்' என்றும் சொல்லி உள்ளே விட்டார்கள். முதல் வகையினர் கண்ணை அகலத் திறந்து கதைக்குள் மூழ்கினார்கள். இரண்டாம் வகையினர் கண்ணை மூடி, நண்பனைப் பிடித்து, 'இதெல்லாம் வேஷம்' என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். திருப்தி யாருக்கு அதிகம்? இருவருக்கும் சமம்! விரலிடுக்கு வழியாகப் படம் பார்க்கிறவரைக் கேலி செய்யாதீர்கள். அவரும் தன் பயத்தைத் தானே ஓட்டுகிறார், வேகம்தான் குறைவு. கடிவாளம் தன் கையில் இருக்கிறது என்பதில்தான் அவருக்கும் சந்தோஷம்.

பால் ரோசின் என்ற அறிஞர் இதை மிளகாயில் கண்டுபிடித்தார். 1970களில் மெக்சிகோ கிராமமொன்றில் அவர் பார்த்தபோது, ஊர்ப் பிள்ளைகள் ஐந்தாறு வயதில் காரத்துக்கு ஆசைப்படத் தொடங்கியிருந்தார்கள். அதே எச்சில் உணவை நாள்தோறும் தின்னும் நாய்க்கும் பன்றிக்கும் மட்டும் அந்த ஆசை வரவே இல்லை. நாக்கு எரிகிறது என்று உடம்பு அலறுகிறது. ஒன்றும் ஆகாது என்று மனம் சிரிக்கிறது. உடம்பை ஏமாற்றிவிட்டோம் என்ற அந்த வெற்றிதான் ருசி என்றார் ரோசின். ஆந்திர ஊறுகாயைக் கண்ணீர் விட்டுத் தின்றபடி இன்னொரு கரண்டி போடச் சொல்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

காட்டாதே, கேட்க வை!

திகில் படங்களின் அலறலுக்கும் மலையில் வளை தோண்டி வாழும் பருத்த அணிலுக்கும் என்ன உறவு? மார்மட் என்பது அதன் பெயர். அதன் குட்டிகளைப் பிடித்தபோது அவை போட்ட அலறல் தன்னை உலுக்கியதைக் கவனித்தார் கலிபோர்னியாவின் விலங்கியல் அறிஞர் டேனியல் புளூம்ஸ்டைன். குரல்வளை தாங்கும் எல்லையை மீறும்போது குரல் உடைந்து கரகரக்கும். உயிர் போகும் நேரத்து ஓசை அது. கேட்கிற எந்த விலங்கும் உதறிக்கொண்டு எழும். அவர் குழு 102 படங்களின் ஒலிப்பதிவை அலசியது. திகில் படங்கள் அந்த உடைந்த ஓசைகளை ஏராளமாகப் பயன்படுத்தியிருந்தன! இசையமைப்பாளர்கள் யாரும் விலங்கியல் படிக்கவில்லை. காதே சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1960இல் 'சைக்கோ'வின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் வயலின் குடும்பத்துக் கருவிகளை மட்டும் வைத்துக் கீறி எடுத்த ஓசையைக் கேட்டதும் மனத்தை மாற்றிக்கொண்டார். அந்தக் காட்சியின் ரத்தம் சாக்லேட் பாகு என்பது உபரித் தகவல். கறுப்பு வெள்ளைப் படத்தில் அதுதான் நன்றாகத் தெரிந்தது.

'ஜாஸ்' (1975) கதை இன்னும் வேடிக்கை. ஸ்பீல்பெர்க் செய்து வைத்திருந்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் இறங்கினாலே மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலே சுறா வருவதாகப் படம் எடுத்தார். முழுச் சுறா நன்றாகத் தெரிவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதனால்தான் கடற்கரைக்குப் போகவே உலகம் பயந்தது. ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியை சினிமாவுக்கு வெகுகாலம் முன்பே இந்த ரகசியத்தைப் பிடித்துவிட்டவர். மறைத்து வைத்தால் வரும் திகில் மனத்தை விரிய வைக்கும். அப்பட்டமாகக் காட்டினால் வரும் கொடூரம் மனத்தைச் சுருங்க வைக்கும் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி. குடலை உருவிக் காட்டுகிறவர்கள் சரக்குத் தீர்ந்தவர்கள். ராட்கிளிஃபின் இன்னொரு பழக்கம், நாவல் முழுக்கப் பேய் காட்டி, கடைசியில் இன்ன காரணத்தால் நடந்தது என்று விளக்கிவிடுவது. 1993இன் 'மணிச்சித்திரத்தாழு', அதன் தமிழ் வடிவமான 2005இன் 'சந்திரமுகி' எல்லாம் அந்த அம்மையார் போட்ட பாதையில் நடந்தவைதாம்.

எரிமலை எழுதிய நாவல்

உலகப் புகழ்பெற்ற பேய்க்கதைகளில் பல, எழுதியவரின் தூக்கத்திலிருந்து வந்தவை தெரியுமா? 1764இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் கனவில் மாடிப்படிக் கைப்பிடி மேல் இரும்புக் கவசம் அணிந்த பிரம்மாண்டமான கையொன்றைக் கண்டார். எழுந்தவர் இரண்டு மாதத்தில் 'ஒட்ரான்டோ கோட்டை'யை எழுதி முடித்தார். தன் பெயரைப் போட வெட்கப்பட்டு, பழைய இத்தாலியப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று புளுகினார்! புத்தகம் விற்றதும் இரண்டாம் பதிப்பில் 'நான்தான்' என்றார். ஸ்டீவன்சன் தூக்கத்தில் அலறியபோது மனைவி எழுப்பிவிட, நல்ல பேய்க்கதையைக் கெடுத்துவிட்டாயே என்று கோபித்துக்கொண்டார். அதுதான் 1886இல் வந்த 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்'.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தப் புகை வானத்தை மூடி, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் மழையில் மாட்டிக்கொண்ட கவிஞர் பைரனும் நண்பர்களும் பொழுது போகாமல் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பந்தயம் கட்டினார்கள். பெருங்கவிஞர் பைரன் தன் கதையை முடிக்கவே இல்லை. கூட இருந்த 18 வயதுப் பெண் மேரி எழுதியதுதான் 'ஃபிராங்கன்ஸ்டைன்'! பைரனின் மருத்துவர் பாலிடோரி எழுதியது ரத்தக் காட்டேரிக் கதை. எங்கோ இந்தோனேசியாவில் எரிமலை ஒன்று வெடிக்காவிட்டால் இரண்டு பூதங்களும் நமக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ.

நம் வேதாளமும் லண்டனுக்குப் போயிருக்கிறது. வேதாளக் கதைகள் இருபத்தைந்தில் பதினொன்றை 1870இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் பர்ட்டன். தலைப்பில் வேதாளத்தை 'வேம்பயர்' ஆக்கிவிட்டார். அவரைச் சந்தித்துப் பேசிய பிராம் ஸ்டோக்கர், பர்ட்டன் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் பளிச்சிட்டதை நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1897இல் 'டிராகுலா' எழுதியவர் அதே ஸ்டோக்கர்! ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கோரைப்பல் மட்டும் உறுத்துகிறது. வடமொழியில் சிம்சபா மரத்தில் தொங்கிய வேதாளம் தமிழுக்கு வந்ததும் முருங்கை மரம் ஏறிக்கொண்டது என்பது நம் ஊர்ப் பெருமை.

பேய்க்கதைக்குப் பருவமும் உண்டு. இங்கிலாந்தில் அது குளிர்காலச் சரக்கு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தலைவர் எம். ஆர். ஜேம்ஸ், பழைய சுவடிகளைப் படிப்பதில் பெரும்புலவர், கிறிஸ்துமஸ் முன்னிரவில் நண்பர்களைக் கூட்டி வைத்துத் தான் எழுதிய புதிய பேய்க்கதையைப் படிப்பார். ஜப்பானிலோ அது கோடைக்காலச் சரக்கு! முதுகுத்தண்டு சில்லிட்டால் வெக்கை தெரியாதாம். எடோ எனப்படும் பழைய காலத்தில் நூறு விளக்கேற்றி வைத்து ஒரு கதைக்கு ஒரு விளக்காக அணைப்பார்கள். நூறாவதும் அணைந்தால் நிஜப் பேய் வரும் என்று, விவரமானவர்கள் தொண்ணூற்றொன்பதோடு எழுந்துவிடுவார்கள். ஜேம்ஸின் முதல் பேய்க்கதைத் தொகுப்பும், ஜப்பானியப் பேய்க்கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த லாஃப்காடியோ ஹெர்னின் 'குவைதான்' நூலும் வெளிவந்தது ஒரே ஆண்டில், 1904இல்.

சிரிப்பும் பயமும் ஒரே வீட்டில்

கிராண்ட் கினியோலில் ஒரு பயங்கர நாடகம் முடிந்தால் அடுத்தது கட்டாயம் சிரிப்பு நாடகம். மறுபடி பயங்கரம், மறுபடி சிரிப்பு. குழந்தைகளுக்கான 'கூஸ்பம்ப்ஸ்' வரிசையை 1992இல் தொடங்கி 40 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆர். எல். ஸ்டைன், திகிலுக்கு வருமுன் என்ன எழுதிக்கொண்டிருந்தார் தெரியுமா? ஜோக்குப் புத்தகங்கள்! 'கெட் அவுட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய ஜோர்டன் பீல் நகைச்சுவை நடிகர். இரண்டிலும் சங்கதி ஒன்றுதான்: எதிர்பார்ப்பை ஏற்றி, சரியான நொடியில் உடைப்பது. 2011இல் லாரன்ஸ் 'காஞ்சனா' எடுத்தபோது பேயையும் காமெடியையும் கலக்கிறாரே என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் ஜெயங்கொண்டாரைப் படிக்காதவர்கள். 12ஆம் நூற்றாண்டுக் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. முரசுதான் உரல், யானைத் தந்தம் உலக்கை, செத்த வீரர்களின் பல் அரிசி. படித்தால் வயிறு கலங்கவும் செய்யும், சிரிப்பும் வரும்!

பேய்க்கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற புகார் மட்டும் எந்தக் காலத்திலும் ஓய்வதில்லை. 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் கையில் கம்பும் கத்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தார்கள். ஏழடி உயரம், இரும்புப் பல் உள்ள காட்டேரி இரண்டு சிறுவர்களைத் தின்றுவிட்டதாம், அதை வேட்டையாட! காணாமல் போன சிறுவர்கள் யாருமே இல்லை. அமெரிக்கத் திகில் காமிக்ஸ்தான் காரணம் என்று பெரியவர்கள் கொதித்தார்கள். அந்தப் பரபரப்பும் சேர்ந்து 1955இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பயந்து கட்டிலுக்கடியில் ஒளியவில்லை. ஊரைக் காப்பாற்றக் கிளம்பியிருந்தார்கள்.

2011இல் வந்த 'கன்டேஜியன்' என்ற தொற்றுநோய்ப் படம், 2020 தொடக்கத்தில் வார்னர் நிறுவனத்தின் பட்டியலில் 270ஆம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குப் பாய்ந்தது. வெளியே நிஜக் கொரோனா, உள்ளே அதே கதை! மனத்தைத் துன்புறுத்திக்கொள்கிறார்களே என்று தோன்றும். ஆனால் ஆர்ஹூஸ் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் கோல்டன் ஸ்க்ரிவ்னரும் அந்த மாதங்களில் விசாரித்ததில், திகில் பட ரசிகர்களுக்கு மன உளைச்சல் மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. படம் பார்த்ததால்தான் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. திடமானவர்கள்தாம் அந்தப் படங்களுக்குப் போகிறார்களோ என்னவோ. இருந்தாலும் பதற்றத்தில் மூச்சு விடப் பழகியவன் பதற்றம் வரும்போது தடுமாற மாட்டான் என்பது நம்பக்கூடிய கணக்குதான்.

இதுவரை பேய்க்கதைப் பக்கமே போகாதவர் என்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் தொடங்குங்கள். சிறுகதைதான், சீக்கிரம் முடிந்துவிடும். பிடித்தால் 1904ஆம் ஆண்டின் அந்த இரண்டு புத்தகங்களையும் தேடிப் பிடியுங்கள். வீட்டுச் சின்னப் பிள்ளைகள் வேண்டாம் என்றால் பிடித்து உட்கார வைக்காதீர்கள். அவர்களுடைய அளவு அவர்களுக்குத் தெரியும். பாதியில் உங்களுக்கே தாங்கவில்லையா? புத்தகத்தை மூடிவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். யாராவது கோழை என்று சொன்னால் டென்மார்க் ஆய்வைக் காட்டுங்கள்!